மடக்கைப் பொத்தானும் பேச்சியம்மாள் மேடமும்

மகளுக்குக் கேப்பைக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பேச்சியம்மாள் மேடத்தின் தம்பி பேசினார். "உமா மேடமா?" என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார். பெரியாஸ்பத்திரி வராந்தாவின் இரைச்சல் மட்டும் கேட்டது. ஸ்ட்ரெச்சர் உருளும் சத்தம், யாரோ யாரையோ வழிவிடச் சொல்லி அதட்டும் சத்தம். பிறகு, "அக்கா போயிருச்சு மேடம். ரத்தத்துல கிருமி ஏறிருச்சுன்னு சொல்றாக. இங்கிட்டு வராதீக, நேரா ஊருக்குத்தான் கொண்டு போறோம்," என்றார்.

மகள் அடுத்த வாய்க்காகக் காத்திருந்தாள். ஊட்டினேன். கிண்ணம் காலியாகும்வரை ஊட்டினேன். அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது.

முனைவர் பேச்சியம்மாள் அலங்காநல்லூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். எங்கள் கல்லூரியில் கணிதத் துறை உதவிப் பேராசிரியர். நாற்பத்தொரு வயது. நான் கணினி அறிவியல் துறை என்றாலும் ஆசிரியர் அறையில் எங்கள் இருவருக்கும் ஒரே மேசை. மூன்று வாரங்களுக்கு முன்னால் கல்லூரியின் வண்டிக் கொட்டகையில் ஒருவன் அவரை அரிவாளால் வெட்டினான். அந்தக் காயங்களால்தான் இறந்தார்.

மாணவிகள் கொண்டுவரும் இந்த நினைவு மலருக்கு என்னைக் கட்டுரை கேட்ட துறைத் தலைவர், "அவங்க ஆராய்ச்சியப் பத்தி ரெண்டு பக்கம் எழுதும்மா, மத்தத கோர்ட்டு பாத்துக்கிரும்," என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். மகள் தூங்கியதும் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். ஆராய்ச்சியை மட்டும் பிரித்தெடுக்க எனக்கு வரவில்லை. அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். படிக்க முடியாதவர்கள் மன்னிக்க வேண்டும்.

அவரை முதன்முதலில் பார்த்ததே ஒரு அடியில்தான். வேலையில் சேர்ந்த நாள் காலை, கோரிப்பாளையத்தில் பஸ் ஏறினேன். நெருக்கடியில் பின்னால் நின்ற ஒருவன் கையை வைக்கக் கூடாத இடத்தில் வைத்தான். நான் ஒதுங்கினேன், அவனும் ஒதுங்கி வந்தான். முதல் நாள், புதுச் சேலை, என்ன செய்வதென்று தெரியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். திடீரென்று என் தோளுக்கு மேலாக ஒரு எவர்சில்வர் டிபன் கேரியர் போனது. டங்கென்று சத்தம். அவன் நெற்றி பிளந்து, ரத்தமும் சாம்பாருமாகச் சட்டையில் வடிந்தது.

கண்டக்டர் ஓடி வந்தார். "என்னம்மா இது, ரத்தம் வருதுல்ல?"

"வரட்டும். கைய எங்க வச்சான்னு அவனையே கேளுங்க," என்றார் கேரியரை வீசிய அம்மாள்.

"தெரியாம பட்டுருச்சுண்ணே," என்றான் அவன்.

"எனக்கும் தெரியாமத்தான் பட்டுச்சு. இன்னும் ஒரு அடுக்கு இருக்கு, தெரியாமப் படட்டுமா?"

அடுத்த நிறுத்தத்தில் அவன் இறங்கிவிட்டான். அந்த அம்மாள் கேரியரைத் துடைத்து மூடினார். என் கழுத்தில் கிடந்த அடையாள அட்டையைப் பார்த்தார். "நம்ம காலேஜா? அப்பச் சரி. இன்னைக்கு மத்தியானம் ஒன் சோத்துல பாதி எனக்கு. என் சாம்பாரு அவன் சட்டைல போகுது."

மேடத்தின் கோபத்தைப் பற்றி நிறையப் பேர் நிறையச் சொல்வார்கள். எல்லாமே உண்மைதான். கல்யாணமான மூன்றாம் மாதம் கணவர் அறைந்தார், இவர் திருப்பி அறைந்துவிட்டு அதே மாலை பஸ்ஸில் ஊர் திரும்பினார். "அவரு ஒண்ணு விட்டாரு, நான் ஒண்ணு விட்டேன். ரெண்டும் நேராப் போச்சு. பெறகு எனக்கு அங்க என்ன வேலை?" என்று சொல்லிச் சிரிப்பார். வலது முன்கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை ஒரு தழும்பு இருந்தது. வீட்டு மாடு சின்ன வயதில் கிழித்தது. "அதுகிட்ட மட்டும் திருப்பிக் குடுக்கல. அது வேணும்னு செய்யலல்ல," என்பார். ஆனால் வகுப்பில் ஒரு மாணவி மீது அவர் விரல் பட்டதில்லை. தாளை வீசியதில்லை. குரலைக்கூட உயர்த்த மாட்டார். அடிக்கிறவர்களை மட்டுமே அடித்தவர் அவர்.

இனி அந்தப் பொத்தான் விஷயம்.

மடக்கை என்பது பெரிய எண்ணைச் சின்னதாக்குகிற ஒரு வழி. கால்குலேட்டரில் அதற்கு ஒரு பொத்தான் உண்டு. ஆயிரம் என்று அடித்து, ln என்று எழுதிய அந்த இயல் மடக்கைப் பொத்தானை அமுக்கினால் ஏழுக்குக் கொஞ்சம் குறைவாக வரும். வந்ததையே மறுபடி அமுக்கினால் இரண்டுக்குக் கொஞ்சம் குறைவு. மறுபடி அமுக்கினால் முக்கால்கூட இல்லை. நான்காவது அமுக்கில் பூஜ்யத்துக்குக் கீழே போய்க் கழித்தல் குறி வந்துவிடும். அதற்குப் பிறகு அமுக்கினால் கால்குலேட்டர் தவறு என்று சொல்லி மறுத்துவிடும். எத்தனையாவது அமுக்கில் பூஜ்யத்துக்கோ அதற்குக் கீழேயோ போகிறது என்பதுதான் மேடத்தின் கேள்வி. ஒன்று என்ற எண்ணுக்கு ஒரே அமுக்கு. இரண்டுக்கு இரண்டு. மூன்றிலிருந்து பதினைந்துவரை மூன்று. பதினாறில் நான்கு ஆரம்பிக்கிறது. அப்படி முழு எண்களை வரிசையாக எடுத்து ஒவ்வொன்றுக்கும் எத்தனை அமுக்கு என்று எழுதிக்கொண்டே போனால் கிடைக்கிற தொடர்வரிசையில்தான் அவர் வேலை செய்துகொண்டிருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று, மூன்று, மூன்று என்று அது நகரவே நகராது. நான்கு முப்பத்தெட்டு லட்சத்தையும் தாண்டித்தான் முடியும்.

முதலாண்டு மாணவிகளுக்கு இதை ஒரு விளையாட்டாக அறிமுகப்படுத்துவார். "ஒங்க போன் நம்பரப் போட்டு அமுக்குங்கத்தா." எல்லோருக்கும் ஐந்து வரும். "பாத்தீகளா, வைகைக்கு இந்தக் கரைல இருக்கவனுக்கும் அஞ்சு, அந்தக் கரைல இருக்கவனுக்கும் அஞ்சு. ஆறு வேணும்னா பதினாறு லட்சம் இலக்கத்துக்கு மேல நம்பர் வேணும். அம்புட்டு நீள நம்பர ஒருத்தனும் ஒங்ககிட்ட கேக்க மாட்டான், பயப்படாதீக." வகுப்பு சிரிக்கும்.

நான்கு எங்கே முடிந்து ஐந்து எங்கே ஆரம்பிக்கிறது என்பதைக் கணினியில் சரிபார்த்துத் தரும்படி என்னிடம் கேட்டார். நான் நிரல் எழுதிக் கொடுத்தேன். முதல் மடக்கையில் வந்த விடையை நான்கு தசம இடத்துக்கு ரவுண்டு செய்துகொண்டு மேலே போயிருந்தேன். பட்டியல் பார்க்க அழகாக இருந்தது. மறுநாள் மேடம் என் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"உமா, நாப்பத்தேழு பேர வேற வீட்டுக்கு அனுப்பிட்ட."

"என்ன மேடம்?"

"முப்பத்தெட்டு லட்சத்துப் பதினாலாயிரத்து எரநூத்தி எண்பதுலதான் அஞ்சு ஆரம்பிக்குது. நீ நாப்பத்தேழு நம்பர் முன்னாடியே அஞ்சுக்குத் தாவிட்ட. நாலாப் பொறந்ததுகள அஞ்சாக்கி வச்சிருக்க."

"நாலு தசமம் போதாதா மேடம்? அம்புட்டுச் சின்ன வித்தியாசந்தானே."

"கடைசி விடைய ரவுண்டு பண்ணு, ஒருத்தரும் கேக்க மாட்டாக. நடுவுல பண்ணாத. நடுவுல பண்ணுனா நீ வேற நம்பருக்குக் கணக்குப் போடுற. அந்த நம்பரு பாவம், அங்கேயே கெடக்கு."

எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிற பிழை அது. திருத்திக் கொடுத்தேன். மேடம் தன் ஆய்வுத்தாளில் நன்றி சொல்லும் இடத்தில் என் பெயரைப் போட்டார்.

என் மகள் பிறந்தபோது மருத்துவமனைக்கு வந்தார். கையில் பேரீச்சம்பழம். பிள்ளையின் எடையைக் கேட்டார். மூவாயிரத்து நூறு கிராம் என்றேன். போனை எடுத்து அமுக்கினார். "நாலு. எல்லாப் பிள்ளையும் நாலுதான் உமா, மந்திரி வீட்டுப் பிள்ளையும் நாலுதான்." பிறகு மகளின் உள்ளங்காலில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பயந்த சுபாவம். பிள்ளை தும்மினால்கூட அவருக்குத்தான் போன் செய்வேன். "தும்மலுக்கெல்லாம் போன் பண்ணாத, மூச்சு விடலைன்னா பண்ணு," என்று வைத்துவிடுவார். ஐந்து நிமிடத்தில் அவரே கூப்பிட்டு, "இப்பத் தும்முதா?" என்பார்.

இனி அபிநயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணிதத்தில் இரண்டாமாண்டு மாணவி. அவளுடைய சம்மதத்தோடுதான் பெயரை எழுதுகிறேன். அவளுக்கு முறை மாமன் ஒருவன். அவள் தொட்டிலில் கிடந்தபோதே பேசிவைத்த சம்பந்தம். அவள் மேலே படிக்க வேண்டும், இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று வீட்டில் சொன்னதிலிருந்து அவன் கல்லூரி வாசலுக்கு வர ஆரம்பித்தான். ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் வைத்து எல்லோர் முன்னிலையிலும் அறைந்தான். அவள் காதில் ரத்தம் வந்தது. மேடம் அவளை நேராக அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார். நானும் போனேன்.

"குடும்ப விவகாரம் மேடம். முறை மாமன்தானே," என்றார் அங்கிருந்த நிர்வாகி.

"முறைன்னா அறையலாம்னு எங்க சார் எழுதிருக்கு? எழுதிருந்தாக் காட்டுங்க, நானும் படிச்சுக்கிறேன்."

மேடம் அங்கேயே புகார் எழுதிக் கொடுத்தார். பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசினார்கள். பேசினோம், சரியாகிவிட்டது என்று பதில் வந்தது. மேடம் அந்தப் பதிலைப் படித்துவிட்டு, "காதுல வந்த ரத்தம் இதுல எங்க இருக்கு உமா?" என்று கேட்டார். அன்றிலிருந்து அபிநயாவைப் பஸ் ஏற்றிவிட்டுத்தான் தன் வண்டியை எடுப்பார்.

வெட்டு நடந்த அன்று உள்தேர்வு. முடிந்ததும் சீக்கிரம் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டும் என்று வண்டிக் கொட்டகையில் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். மேடமும் அபிநயாவும் பேசிக்கொண்டே வந்தார்கள். மேடம் ஹெல்மெட்டைக் கையில் பிடித்திருந்தார். வாயிற்காவலர் தேநீர் குடிக்கப் போயிருந்தார். அந்த முறை மாமன் பைக்கை ஸ்டாண்ட்கூடப் போடாமல் சாயவிட்டு இறங்கினான். துண்டில் சுற்றி எதையோ வைத்திருந்தான். அபிநயாவின் சடையைப் பிடித்து இழுத்தான். அவள் தலை பின்னால் சாய்ந்து கழுத்து நீண்டு தெரிந்தது. துண்டு கீழே விழுந்தது. அரிவாளை ஓங்கினான்.

மேடம் ஹெல்மெட்டைச் சுழற்றி அவன் தாடையில் அடித்தார். எலும்பில் பட்ட சத்தம் கொட்டகைத் தகரத்தில் எதிரொலித்தது. அவன் வாயிலிருந்து ஒரு பல்லும் ரத்தமும் தெறித்தன. பிடி விட்டது. "உமா, பிள்ளைய இழு," என்றார் மேடம். நான் அபிநயாவைப் பிடித்துக் காவலர் அறைக்குள் தள்ளி, நானும் நுழைந்து தாழ்ப்பாள் போட்டேன். அந்த அறைக்கு ஒரு ஜன்னல் உண்டு. அதன் வழியாக எல்லாவற்றையும் பார்த்தேன்.

அவன் அறைப் பக்கம் வந்தான். மேடம் குறுக்கே நின்றார். முதல் வெட்டை இடது கையால் தடுத்தார்; இரண்டு விரல்கள் சிமெண்டுத் தரையில் விழுந்தன. இரண்டாவது அதே கையில். மூன்றாவது தோளில் இறங்கி அங்கேயே மாட்டிக்கொண்டது, அவன் காலால் உதைத்துத்தான் உருவினான். நான்காவதும் ஐந்தாவதும் தலையில். மேடம் முழங்காலிட்டு, பிறகு குப்புற விழுந்தார். விழுந்த பிறகு முதுகில் இரண்டு. அவன் ஒவ்வொரு வெட்டுக்கும் கெட்ட வார்த்தை சொன்னான். மேடம் வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. மாடியிலிருந்து மாணவிகள் அலறினார்கள். யாரோ ஒரு நாற்காலியைத் தூக்கி எறிந்தார்கள், அது பைக் மேல் விழுந்தது. அவன் ஓடினான். வாசலில் பஸ்ஸுக்கு நின்றிருந்தவர்கள் பிடித்து, போலீஸ் வரும்வரை அடித்தார்கள்.

நான் கதவைத் திறந்து ஓடினேன். ஆட்டோவில் மேடத்தின் தலை என் மடியில். சேலைத் தலைப்பை வைத்து அழுத்தியும் சூடாக வந்துகொண்டே இருந்தது. கண்ணைத் திறந்து, "பிள்ளை உள்ள இருக்கா?" என்று கேட்டார். இருக்கா மேடம், இருக்கா என்றேன். "தாழ்ப்பா போட்டுருக்கா?" என்று கேட்டார்.

பெரியாஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை முடிந்து பிழைத்துவிடுவார் என்றுதான் எல்லோரும் நம்பினோம். இரண்டாவது வாரம் உட்கார வைத்தார்கள். பேசினார், கிண்டல் செய்தார். "பத்து விரல் இருந்தப்பவே எட்டுத்தான் வேல பாத்துச்சு," என்றார். அந்த நாட்களில் வெளியே என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று நான் போய்ச் சொல்வேன். சொல்லாவிட்டால் விட மாட்டார்.

போலீசில் முதலில் பதிவான தகவல், தேநீர் குடித்துவிட்டுக் கடைசி நேரத்தில் வந்த வாயிற்காவலர் சொன்னது. அதில் இரண்டு வெட்டு என்று இருந்தது. அவர் பார்த்தது அந்தக் கடைசி இரண்டைத்தான், பொய் சொல்லவில்லை. அதை வைத்துக் கல்லூரி ஒரு குறிப்பு எழுதியது. அதில் வெட்டே இல்லை. வளாகத்தில் வெளியாள் ஒருவருடன் ஏற்பட்ட தகராறில் ஆசிரியைக்குக் காயம் என்று இருந்தது. அந்தக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவன் சொந்தக்காரர்கள் ஊரெல்லாம் சொன்னார்கள்: தகராறை ஆரம்பித்ததே அந்த டீச்சர்தான், அவள் அடிக்கிற பொம்பளை, பஸ்ஸில்கூட ஒருவன் மண்டையை உடைத்தவள், புருஷனையே அடித்துவிட்டு வந்தவள்.

மேடம் எல்லாவற்றையும் கேட்டார். வலது கையால் போனை எடுத்து என்னிடம் நீட்டினார். "ஏழு போடு."

போட்டேன்.

"அமுக்கு."

ஒன்றே முக்காலுக்கும் மேல், கிட்டத்தட்ட இரண்டு வந்தது. "அது வாட்ச்மேன். அமுக்கு." ஒன்றுகூட இல்லை, அரைக்குக் கொஞ்சம் மேல். "அது நம்ம காலேஜு. இன்னொண்ணு அமுக்கு." கழித்தல் குறி வந்தது.

"பாத்தியா? மூணே அமுக்குல நான் குத்தவாளி ஆயிட்டேன்." சிரித்தார். தையல் இழுத்து முகம் கோணியது. "என்னோட தொடர்வரிசை தப்பாதுடி."

நான் அழுதுவிட்டேன். அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது. "ஏன் அழுவுற? நீ பாத்தேல்ல? எத்தன?"

"ஏழு."

"அவ்வளவுதான். எவன் கேட்டாலும் ஏழு. ஆறரைன்னு சொல்லிறாத."

"மேடம், அந்த ஹெல்மெட்டு..." என்று இழுத்தேன். துறையில் எல்லோரும் எனக்கு ஒரே யோசனையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெட்டைச் சொல், ஹெல்மெட்டைச் சொல்லாதே. அபிநயாவும் சொல்ல மாட்டாள், மாடியிலிருந்து பார்த்தவர்களுக்குக் கொட்டகைத் தகரம் மறைத்திருக்கும். அவன் வக்கீலுக்கு நாமே எடுத்துக் கொடுக்கக் கூடாது.

"அடிச்சேன்ல?" என்றார் மேடம்.

"அடிச்சீங்க."

"நல்லாத்தானே அடிச்சேன்?"

"பல்லு போச்சு மேடம்."

"பெறகென்ன? அதையும் சொல்லு. அத விட்டுட்டா நீ வேற எவளையோ பத்திச் சொல்ற. எனக்காகச் சொல்றதா இருந்தா முழுசாச் சொல்லு, இல்லன்னா வீட்டுல இரு, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். ஒனக்குக் கைப்பிள்ளை இருக்கு."

அதுதான் நாங்கள் நன்றாகப் பேசிக்கொண்ட கடைசி நாள். அதற்கப்புறம் காய்ச்சல் வந்தது. தோள் காயம் சீழ் வைத்தது. கடைசி இரண்டு நாட்கள் என்னை அடையாளம் தெரியவில்லை.

ஊரில் அவரைக் கொண்டுவந்து கிடத்தியபோது தலையில் கட்டு, இடது கையில் கட்டு. பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைத் தம்பி போர்த்தினார். பெண்கள் மாரடித்துப் பாடினார்கள். அபிநயா ஓரமாக நின்றிருந்தாள். அவள் வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. யாரோ ஒரு கிழவர் சத்தமாகவே, "பொம்பளைக்கு எதுக்குய்யா அம்புட்டு ஆத்திரம்?" என்றார். மேடத்தின் தம்பி எழுந்து அவர் சட்டையைப் பிடித்தார். நாலு பேர் சேர்ந்து பிரித்துவிட வேண்டியிருந்தது. பிணத்துக்கு முன்னாலேயே கைகலப்பு. மேடம் இருந்திருந்தால் தம்பியை விலக்கிவிட்டுத் தானே போயிருப்பார்.

அதற்கு மறுநாள் வெட்டியவனின் பெரியப்பாவும் இன்னொருவரும் கோரிப்பாளையத்தில் என் வீட்டுக்கு வந்தார்கள். பை நிறைய ஆப்பிள். கணவர் கடையில் இருந்தார். கீழ் வீட்டு ஜமீலா அக்காதான் நான் வேலைக்குப் போகும்போது மகளைப் பார்த்துக்கொள்கிறவர்; அவர் மடியில் மகள் இருந்தாள்.

"சின்னப் பய தாயி, ஆத்திரத்துல செஞ்சுபுட்டான்," என்றார் பெரியப்பா. "அந்த அம்மா முதல்ல அடிச்சுச்சுல்ல. நீ அங்க கூட்டத்துல என்னத்தப் பாத்திருக்கப் போற? சரியாத் தெரியலன்னு சொன்னா யாரு என்ன கேக்கப் போறா?"

அவர் குனிந்து மகளின் காலைப் பிடித்து ஆட்டினார். அவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள். "நல்ல பிள்ளை. ஒங்க வாசல் ரோட்டுக்கு ரொம்பப் பக்கமா இருக்கே தாயி. தவழுற பிள்ளை வேற. வண்டி வாசி போற எடம்."

ஜமீலா அக்கா மகளின் காலை அவர் கையிலிருந்து எடுத்துக்கொண்டார். "எங்க தெருவுல வண்டியெல்லாம் பாத்துத்தான் போகும் பெரியவரே. நீங்களும் பாத்துப் போங்க. ஆப்பிள மறந்துறாதீங்க."

அவர்கள் போன பிறகு கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். மகளைத் தூக்கி இறுக்கியதில் அவள் அழ ஆரம்பித்தாள். அன்றைக்கு அவளைக் கீழே விடவே இல்லை. கணவர் வந்ததும் சொன்னேன். "வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல உமா. போன்னு சொல்லவும் வரல," என்றார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்குள்ளும் அந்த இரண்டுமே இருந்தன. தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் பிள்ளை வாசலில் தவழலாம். அந்த வார்த்தையை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். அரிவாளுக்கும் எனக்கும் நடுவே நின்ற மேடத்தின் அந்த முதுகுதான் கண்ணில் வந்தது. அவர் அங்கே நின்றிராவிட்டால் அந்த அறைக் கதவு எத்தனை உதை தாங்கியிருக்கும்? என் பிள்ளை யாரிடம் பால் குடித்திருக்கும்?

நேற்று நீதிமன்றத்தில் குற்றவியல் நடுவர் முன்னால் வாக்குமூலம் கொடுத்தேன். மகளை ஜமீலா அக்காவிடம் விட்டு, கீழ்க் கதவை உள்ளே பூட்டச் சொல்லிவிட்டுப் போனேன். கணவர் வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். நடுவர் ஒரு பெண்மணி. நான் சொல்லச் சொல்ல ஒருவர் தட்டச்சு செய்தார்.

"எத்தனை முறை வெட்டினார்?"

"ஏழு முறை."

"அந்த நேரத்துல எண்ணிக்கிட்டா இருந்தீங்க?"

"வேற ஒண்ணும் செய்ய முடியல மேடம். உள்ள இருந்து எண்ணத்தான் முடிஞ்சுது." எந்தெந்த வெட்டு எங்கெங்கே என்று வரிசையாகச் சொன்னேன். நடுவர் தன் கையால் ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டார்.

முடித்ததும் தட்டச்சர் வாசித்துக் காட்டினார். ஏழு, ஏழாகவே இருந்தது. ஆனால் அதற்கு முந்தைய வரியை, "ஆசிரியை ஹெல்மெட்டைக் கொண்டு தடுத்தார்," என்று வாசித்திருந்தார். அந்த மனிதர் முகத்தைப் பார்த்தேன். பரிதாபப்பட்டு மாற்றியிருக்கிறார் என்று தெரிந்தது. அந்த ஒரு சொல்லை அப்படியே விட்டுவிட ஆசையாக இருந்தது. யாருக்கும் நஷ்டமில்லை. பேச்சியம்மாள் மேடத்துக்கு நல்லதுதான்.

"தடுத்தார்னு இருக்கு சார்," என்றேன். "அடிச்சாங்க. அவன் சடையைப் பிடிச்சு இழுத்து அரிவாள ஓங்குனதுக்கு அப்புறம் அடிச்சாங்க. பல்லு விழுந்துச்சு. அப்படியே போடுங்க."

நடுவர் நிமிர்ந்தார். "யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"ஆமா மேடம்."

திருத்தி மறுபடி வாசித்தார்கள். கையெழுத்துப் போட்டேன். பேனாவை வைத்துவிட்டு எழுந்தபோதுதான் உணர்ந்தேன், ரவிக்கை முழுக்க நனைந்திருந்தது. பிள்ளைக்குப் பால் கொடுக்கிற நேரம் தாண்டிப் போயிருந்தது. சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு வெளியே வந்தேன். கணவர் என்னைப் பார்த்ததும் எழுந்து வண்டியை எடுக்க ஓடினார். வீடு வரும்வரை நிற்கவில்லை. மகள் பத்திரமாக இருந்தாள். பசியில் முகம் சிவந்து அலறிக்கொண்டிருந்தாள். வாசற்படியிலேயே உட்கார்ந்து மடியில் போட்டுக்கொண்டேன். அவள் குடித்து முடிக்கும்வரை ஜமீலா அக்கா தெருவைப் பார்த்தபடி எங்களுக்கு முன்னால் நின்றார்.

மேடம், இனி என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும் என்கிறார்கள். ஒவ்வொரு முறையும் என்னைக் கூப்பிடுவார்கள், ஒவ்வொரு முறையும் கீழ்க் கதவைப் பூட்டச் சொல்லிவிட்டுத்தான் போவேன். ஆனாலும் எழுதப்பட வேண்டியது எழுதப்பட்டுவிட்டது. அவன் வெட்டியது ஏழு. நீங்கள் அடித்தது ஒன்று. இரண்டையும் சொல்லிவிட்டேன். போய் வாருங்கள்.